முன்பல்லுக்கு ஒரு ஃபியூஸ்

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். இடுப்புப் பையில் மூன்று பிளேயர் இருக்கும். ஆனாலும் வயரின் மேல்தோலை உரிப்பது முன்பல்லால்தான், இருபத்தாறு வருடமாக ஒரே பல்லால். கேட்டால், "ஏணி மேல ரெண்டு கையும் வேலையா இருக்கு, வாய் சும்மாதானே இருக்கு" என்பார். அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் அந்தப் பல்லின் முனை உடைந்து வயரோடு வந்துவிட்டது. கடைவாயில் ஒரு சொத்தை வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கழுத்தை நீட்டியவள் நான். முழுப் பல்லும் போய்விடுமோ என்று அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அவரோ கடையில் சாமான் பார்க்க வந்தவர் மாதிரி பல் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்.

கடைவாய்க்கு வெள்ளி நிறத்தில் அடைக்கலாம், போகப் போகக் கறுப்பாகத் தெரியும், ஆனால் அரைக்கிற வேலையைத் தாங்கும் என்றார் டாக்டர்.

"அங்க யாரு எட்டிப் பார்க்கப் போறா? அதையே போடுங்க."

ஒரு நிமிடத்தில் அது முடிவானது. முன்பல்லில்தான் சிக்கல்.

"பல்லு நிறத்துலயே அடைச்சா அசல் மாதிரி இருக்கும். ஆனா வயரைக் கடிச்சா பேர்ந்துடும்," என்றார் டாக்டர்.

"கடிச்சாலும் போகாதது இல்லையா?"

"உலோக உறை இருக்கு. அது உடையாது. கடிக்கிற வேகமெல்லாம் வேருக்குப் போகும். வேர்ல விரிசல் விட்டா பல்லையே எடுக்கணும்."

மனிதருக்கு எதுவும் கெட்டியாக இருக்க வேண்டும். உறையைத்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

"பேர்றதையே போடுங்க. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு தடிச்ச கம்பியைச் சுத்தி வைப்பாங்க, டாக்டர். ஃபியூஸ் போகாது, வீடுதான் எரியும். அதுக்காக ஊரையே திட்டுறவன் நான். போறது சின்னதா போகட்டும்."

எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் மாலை வாயைத் திறக்காமல் வீட்டுக்குள் வந்தார்.

"போச்சா?"

தலையாட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஃபியூஸ் போனா உடனே மாத்தக் கூடாது, ஏன் போச்சுன்னு முதல்ல பாருங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே. பார்த்தீங்களா?"

பையிலிருந்து புதிதாக வாங்கிய, அட்டைகூடப் பிரிக்காத, வயரின் தோலை உரிக்கிற ஸ்ட்ரிப்பர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பார்த்துட்டேன்," என்றார் மூளிப் பல் தெரிய. "வேர் ஆடலை. நாளைக்குப் போய் புதுசு போட்டுக்கலாம்."