அம்மா பெயரில் நான் போட்ட கையெழுத்து

அன்று அந்த கிளினிக் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஒரு பெண் டாக்டர், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ், அம்மா, நான். சோதனைப் பட்டியலில் அம்மாவின் பெயரைச் சேர்த்து அனுப்பிய டிரெசர், எங்கள் தோட்டத்து மருந்தக உதவியாளர், வரவில்லை. "நானும் வரேன்க்கா, ரெண்டு பேருமா வேணாம்னு சொல்லிட்டு வந்துரலாம்" என்று முதல் நாள் வரை வீரம் பேசிய பக்கத்து வீட்டுச் சின்னம்மாவும் வரவில்லை. விடியுமுன்பே பால்மரக் காட்டுக்கு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார். அப்பா இந்த மாதிரி இடத்துக்கு வரமாட்டார். அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அம்மா போனது ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு. செலண்டாரைத் தாண்டி உள்ளே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், இந்த அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி வாங்கிவருவார். அன்றைக்கு மாத்திரை வரவில்லை. டாக்டர் அம்மாவின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை, அப்புறம்தான் மாத்திரை என்றார். என்னிடம்தான் சொன்னார், ஆங்கிலத்தில். அம்மா அறையிலேயே இல்லாததுபோல.

"வேணாம் டாக்டர்," என்றார் அம்மா. அதை மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை.

மிஸ்ஸி நம் ஆள், தமிழ். அவர் குரல்தான் எனக்கு இன்னும் எரிச்சல். "ஏம்மா, எத்தன புள்ள பெத்த? இப்ப என்ன லா புதுசா வெக்கம்?"

"பெத்தது எனக்கு வேணும்னு பெத்தேன் மிஸ்ஸி. இது யாருக்கு வேணும்?"

"உன் நல்லதுக்குத்தானே சொல்றாங்க."

"நல்லதுன்னா காயிதம் தோட்டத்து ஆபீசுக்கு ஏன் போவுது?"

எங்கள் தோட்டத்தில் கிளினிக் கடிதங்கள் எல்லாம் ஒரே கட்டாக ஆபீசுக்கு வரும். காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும்போதே, டிரெசர் அவற்றைப் பிரித்துச் சத்தமாகச் சொல்லிவிடுவார். ஒரு அக்காவுக்குக் கரு தங்கவில்லை என்ற சேதியை அவர் புருஷன் கேட்டது அப்படித்தான், கத்தியும் வாளியுமாக நின்ற நாற்பது பேரோடு சேர்ந்து. டிரெசர் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பார்கள். எனக்கு அவர் எண்ணம் தெரியாது. அந்த அக்கா பிறகு ஒரு வாரம் காட்டுக்கு வராதது தெரியும்.

டாக்டர் பொறுமை இழந்தார். கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் தட்டினார். சம்மதப் பாரம். கீழே அம்மாவின் பெயரில் கையெழுத்து. போன மாதமே ஒப்புக்கொண்டு இப்போது ஏன் நாடகம் என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்கவில்லை. அது என் கையெழுத்து.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம் வரை, அதாவது பதினோரு வருடம், படித்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வந்த எல்லாப் பாரத்திலும் அம்மா பெயரை நான்தான் எழுதினேன். பள்ளிக்கூடப் பாரம், சேமநிதிப் பாரம், எல்லாம். டிரெசர் இதைக் கொண்டுவந்து கொடுத்தபோது படித்துப் பார்த்தேன். நல்ல சோதனை என்று புரிந்தது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதில் இருந்த வார்த்தைகளைத் தமிழில், அம்மாவின் முகத்தைப் பார்த்து, எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. சொல்ல வெட்கப்பட்டவன் கையெழுத்துப் போட வெட்கப்படவில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என் முகம் தெரியும்.

"நீ போட்டியாடா?"

"ஆமாம்மா."

டாக்டர் பக்கம் திரும்பி, அது அம்மாவின் கையெழுத்து இல்லை, என்னுடையது, அவரைக் கேட்காமல் போட்டது, ரத்து செய்யுங்கள் என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அதற்குச் செலவானது. படித்த நீயே இப்படிப் பேசினால் உன் அம்மா செத்தால் யார் பொறுப்பு என்றார் டாக்டர். மாத்திரை இல்லாமல் செத்தால் நீங்கள் பொறுப்பு என்றேன். அட்டையை மேசை மேல் விட்டெறிந்தார். சோதனைக்கு ஒப்புக்கொண்டால் வா, இல்லாவிட்டால் வராதே. மிஸ்ஸி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், மரியாதைக்கு அல்ல.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"எம்பேர எழுதக் கத்துக்கிட்டா, எம்பேச்சையும் நீயே பேசிருவியா?"

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"டாக்டர் கேட்டா, வேணாம்னேன். அவ அந்நியம். நீ கேக்கவே இல்லையேடா."

மறுநாள் பெரட்டில் டிரெசர் அம்மாவின் பெயரைச் சொல்லி, "பிடிவாதக்காரி, ஆபீஸ் பேரையே கெடுத்துட்டா" என்று கத்தினார். முதல் நாள் ஓடி ஒளிந்த சின்னம்மாதான் வாளியைக் கீழே வைத்தார். "டிரெசரே, ஒங்க சம்சாரம் பேரு அந்த லிஸ்ட்ல எந்தப் பக்கம் லா இருக்கு? அதையும் கொஞ்சம் சத்தமா படிங்க, கேப்போம்." ஆண்கள் சிரித்துவிட்டார்கள். டிரெசர் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு கிளினிக் கடிதங்களை அவர் பெரட்டில் பிரிக்கவில்லை. அடுத்த மாதம் சின்னம்மா தானாகவே போய் அந்தச் சோதனையைச் செய்துகொண்டார். அது அவர் இஷ்டம். அம்மா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த டாக்டர் இருந்தவரை அம்மா அந்த கிளினிக்குக்குப் போகவில்லை. மாத்திரையை ஜாசின் டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் வாங்கினோம். அவர் பிரஷர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், வேறு எதுவும் கேட்கவில்லை. ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் அந்தச் செலவை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்போல எந்தப் பாரத்தையும் என்னிடம் நீட்டவும் இல்லை. ஏதாவது வந்தால், "என்ன எழுதிருக்கு, மொதல்ல படி" என்பார். முழுதும் கேட்டுவிட்டு, பெருவிரலை மையில் வைத்துத் தானே ஒற்றுவார்.

பதினான்கு மாதம் கழித்து அந்த அரசாங்க கிளினிக்கில் டாக்டர் மாறினார், அம்மா திரும்பிப் போனார். புதியவர் அதே சோதனையைப் பற்றி அம்மாவிடமே மலாயில் கேட்டார். அம்மா வேண்டாம் என்றார். அவர் அட்டையில் ஒரு வரி எழுதிவிட்டு மாத்திரையைக் கொடுத்தார். அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தப் பதினான்கு மாதமும் டாக்டருக்கும் மாத்திரைக்குமாக மாதம் முப்பத்தைந்து வெள்ளி, பஸ்ஸுக்கு மூன்று வெள்ளி. மொத்தம் ஐந்நூற்று முப்பத்திரண்டு வெள்ளி.