ரஹமத்தக்கா கடையாண்ட வாங்க

"போளூர்லேர்ந்து வந்த கவிநிலா பாப்பாவோட அப்பா... எங்க இருந்தாலும் ரஹமத்தக்கா சுக்குக் காப்பிக் கடையாண்ட வாங்க. பாப்பா அழுவல. முறுக்கு துன்னுனு உக்காந்திருக்குது. நீங்களும் அழுவாம வாங்க."

பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் காதில் விழும் இந்தக் குரல் மைக்செட் பரசுராமனுடையது. மற்ற நாட்களில் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், சாவு எதுவானாலும் செட் கட்டிக் கூலி வாங்கிக்கொள்வார். பௌர்ணமியில் மட்டும் கூலி கிடையாது. சாலையோரம் ஒரு மேசையைப் போட்டு, வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு, கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கூப்பிட உட்கார்ந்துவிடுவார். ஏன் இந்தச் சேவை என்று கேட்டால், "இல்லன்னா நானே காணாம பூடுவேங்க. செட்டு இருக்கவேதான் ஒரே எடத்துல குந்தியிருக்கேன்" என்பார்.

குள்ளமான ஆள். நெற்றி நிறையக் குங்குமம். ஓர் அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் நடுவே மைக்கின் மேல் துண்டைப் போர்த்திவிடுவார், அதற்குக் குளிரும் என்பதுபோல. ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டும் குமிழுக்குப் பக்கத்தில், பாதிச் சத்தத்துக்கு நேராக ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். குமிழ் அந்தப் பொட்டைத் தாண்டியதே இல்லை. மாப்பிள்ளைத் தோழர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், கட்சிக்காரர்கள் மிரட்டியிருக்கிறார்கள். "இது வரைக்கும்தாங்க பேச்சு. இதுக்கு மேல போனா கத்தல். கத்தறதுக்கு நம்ம செட்டு எதுக்கு?"

இதைத் தவிர வேறு எதிலும் மனிதர் முறுக்கிக்கொண்டதில்லை. யார் எது சொன்னாலும் "ரைட்டுங்க" என்பதுதான் பதில். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீட்டுக்கு "ரைட்டுங்க" சொல்லிவிட்டு, ஒரு குழாயை இங்கும் ஒரு குழாயை அங்குமாகக் கட்டி, இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கியவர்.

ரஹமத்தக்கா கடையை அவர் அடையாளமாகச் சொல்ல ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பச்சைத் தார்ப்பாய் போட்ட கடை, மேசைக்கு நேர் எதிரே. ஊருக்கே சுக்கு மணக்கும். தொலைந்து வந்தவர்களை ரஹமத்தக்கா முதலில் ஸ்டூலில் உட்காரவைப்பாள். கையில் சூடாக ஒரு டம்ளரைக் கொடுத்த பிறகுதான் பெயரைக் கேட்பாள். பெயரை வாங்கிக்கொண்டு வந்து பரசுராமனிடம் சொல்வாள். இப்படித்தான் இருவருமாகப் பல குடும்பங்களைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

போன பௌர்ணமிக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு கும்பலின் நோட்டீஸ் வந்தது. சாமி பாதையில் துலுக்கச்சிக்கு என்ன கடை, பௌர்ணமியன்று வந்து ஆர்ப்பாட்டம் செய்து காலி பண்ணவைப்போம் என்று எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷமாக அவளிடம் காப்பி குடித்த ஊருக்கு, அவள் என்ன மதம் என்பதை யாரோ வந்து சொல்லித்தர வேண்டியிருந்தது.

பால் சொசைட்டி வாசலில் ஊர் கூடியது. "வரட்டும், காலை ஒடிச்சு அனுப்பலாம்" என்றார்கள் இளவட்டங்கள். ரஹமத்தக்கா எழுந்தாள். "எனக்காக யாரும் ரத்தம் பாக்க வேணாம். ஒரு பௌர்ணமி கடைய மூடிக்கிறேன். கொறஞ்சா பூடுவேன்?" யாருக்கும் அது பிடிக்கவில்லை. கடைசியில் வார்டு மெம்பர் தசரதன் பேசி முடித்தார். போலீசுக்குச் சொல்லிவிடுவது, எதிர்த்துக் கத்துவதில்லை, வேடிக்கை பார்க்கக்கூட யாரும் நிற்பதில்லை, அவரவர் வேலையை அவரவர் பார்ப்பது. பிறகு பரசுராமனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பரசு, அந்தம்மா பேரு மைக்குல வந்துதுன்னா மொதல்ல உன் செட்டத்தான் ஒடைப்பானுங்க. நீ அதை வெச்சுத்தான் பொழைக்கற. அன்னிக்கி மட்டும் தண்ணி டேங்க் ஆண்ட வாங்கன்னு சொல்லிடு."

"ரைட்டுங்க" என்றார் பரசுராமன்.

பௌர்ணமி சாயங்காலம் எதிரே தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது. உள்ளே அடுப்பு மூட்டாமல் ரஹமத்தக்கா உட்கார்ந்திருந்தாள். சுக்கு வாசனை இல்லாத தெரு அவருக்கு வேற்றூர்போல இருந்தது. டிரான்ஸ்பார்மர் பக்கம் கொடியோடு வந்து நின்றவர்கள் கையொலிபெருக்கியில் அவள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். நடுவில் நாலு போலீஸ்காரர்கள். ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிரிவலக் கூட்டம் மலையைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தது.

ஆரணியிலிருந்து வந்த மதிவதனி என்ற பெண் மாமியாரைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தாள். மாமியாருக்காக அழும் மருமகளைப் பார்த்ததும் பரசுராமன் உடனே மைக் பக்கம் திரும்பினார். துண்டை எடுத்தார். "ஆரணி சந்திரம்மா... எங்க இருந்தாலும் டேங்க் ஆண்ட வாங்க. மருமவ காத்துனு இருக்குது."

சந்திரம்மாள் வரவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார், மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். அப்போது பாதையில் வந்த ஓர் இளநீர்க்காரர் மேசையருகே நின்றார். "யோவ் பரசு, எந்த டேங்குன்னு சொல்லக்கூடாது? வாயு லிங்கத்தாண்ட ஒரு டேங்க் ஓரமா கெழவி ஒண்ணு உக்காந்துனு அழுவுது. மருமவ வுட்டுட்டுப் போயிட்டான்னு."

பாதை நெடுகத் தண்ணீர் டேங்க்தான். இது பரசுராமனுக்குத் தெரியாதா? தெரியும். பயத்தில் மறந்துபோயிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மருமகளைப் பார்த்தார். இறக்கிய தார்ப்பாயைப் பார்த்தார். தன் ஆம்ப்ளிஃபயரை ஒருமுறை தடவிக்கொடுத்தார். அந்தப் பக்கத்துக் கத்தல் இங்கே மேசைவரை கேட்டது. அவர் கை குமிழுக்குப் போய், பொட்டைத் தாண்டித் திருகியது.

"ஆரணி சந்திரம்மா! டேங்கு வேணாம். அப்பிடியே பாதையோட நேரா வாங்க. எங்க ரஹமத்தக்கா சுக்குக் காப்பிக் கடையாண்ட வாங்க. ரஹமத்தக்கா! ஒரு பெரியம்மா வருது, அடுப்பப் பத்த வை அக்கா!"

மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. டிரான்ஸ்பார்மர் பக்கம் கத்தல் ஒரு நொடி நின்று, எல்லா முகமும் இந்தப் பக்கம் திரும்பியது. ஒருவன் கொடிக்கம்போடு ஓடிவரப் பார்த்தான், போலீஸ்காரர் தோளைப் பிடித்துக்கொண்டார். தசரதன் பக்கத்திலிருந்த தன் கடையிலிருந்து எழுந்து வந்து, ஒரு நாற்காலியைத் தூக்கிப் பரசுராமனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எதிரே தார்ப்பாய் மெல்ல உயர்ந்தது. உள்ளேயிருந்து ரஹமத்தக்கா ஸ்டூலை வெளியே நகர்த்தினாள்.

பரசுராமன் மைக்கின் மேல் துண்டைப் போர்த்தினார். குமிழைத் திரும்பக் குறைக்கவில்லை. தன் நெற்றிக் குங்குமத்தில் விரலை ஒற்றி, குமிழ் இப்போது நின்ற இடத்துக்கு நேராக ஒரு புதுப் பொட்டு வைத்தார்.