மழை பெய்யாத குகையில் ஒரு குறுக்குவில்

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரகுநாதன் பேசத் தொடங்கிவிடுவார். "மேரி டீச்சர், இந்த வாரம் ஒண்ணு டிசைன் பண்ணியிருக்கேன். பெர்ஃபெக்ட் பேலன்ஸ். பாத்தேள்னா அசந்துபோயிடுவேள்." கக்கத்தில் சுருட்டிய டிரேசிங் தாள் இருக்கும். சைனிக்புரி வீட்டுக் கூடத்தில் பகடைகளைப் பரப்பிக்கொண்டிருக்கும் லூர்துமேரி தலையை நிமிர்த்தமாட்டாள். இன்னொரு குறுக்குவில் வந்திருக்கிறது என்று நிமிராமலே அவளுக்குத் தெரியும்.

விளையாட்டு, அமெரிக்காவிலிருக்கும் அவள் தம்பி எண்பத்து மூன்றில் அனுப்பிய பெட்டியில் வந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வீரனாகத் தன்னைப் பாவித்துக்கொள்ள வேண்டும். கதையை நடத்துவது பள்ளியில் கணக்கு நடத்தும் லூர்துமேரி. குகையில் பூதம் எதிர்ப்பட்டால், அடி பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அவள் கணவர் ஆரோக்கியசாமி, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கேடயம் தாங்குகிற வீரன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் தங்கம் வில்லாளி. ரகுநாதன், வஜ்ரதரன். அந்தப் பெயரை அவரே சூட்டிக்கொண்டார். வஜ்ரதரனின் உயரத்தை ஆறடி மூன்று அங்குலம் என்று எழுதிக்கொண்டதும் அவர்தான். ரகுநாதன் ஐந்தடி மூன்று அங்குலம்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் அவருக்குப் பதினான்கு வருட சர்வீஸ். அங்கே அவர் வரைபவர் மட்டுமே; சரிபார்க்க ஒருவர், ஒப்புதல் தர ஒருவர் என்று மேலே இருக்கிறார்கள். குறுக்குவில் படங்களின் கீழ்மூலையிலும் அதே மூன்று கட்டங்களை ஸ்கேல் வைத்துப் போட்டிருப்பார். மூன்றிலும் கையெழுத்து அவருடையதே. மூன்றும் வெவ்வேறு மையில்.

விளையாட்டின் விதிப் புத்தகத்தில் உள்ள குறுக்குவில், துப்பாக்கிபோல் விசையைத் தட்டி எய்யும் கிராஸ்போ, பலமாக அடிக்கும். ஆனால் ஒருமுறை எய்துவிட்டால், மறுபடி நாண் ஏற்ற ஒரு சுற்று முழுக்கச் சும்மா நிற்க வேண்டும். ரகுநாதனுக்குச் சும்மா நிற்கப் பிடிக்காது. பல்சக்கரமும் கைப்பிடியும் வைத்து, எய்த சுற்றிலேயே நாண் ஏறும்படி செய்துவிட்டார். "சும்மா குடுத்துடலை டீச்சர். மூணு பெனால்டி வெச்சிருக்கேன்," என்பார். குதிரை மேலிருந்து எய்ய முடியாது. மழையில் நாண் தொய்ந்துவிடும். குள்ளர்களால் தூக்க முடியாது. வஜ்ரதரன் ஒருநாளும் குதிரை ஏறியதில்லை. அவர்கள் மூன்று வருடமாகப் பூமிக்கு அடியில், குகைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வஜ்ரதரனின் உயரத்தைத்தான் முன்பே சொல்லியாயிற்று.

யாராவது முனகினால் கிராஃப் தாளை எடுத்து நீட்டுவார். "கிராஃபைப் பாருங்கோ. கிராஃப் பொய் சொல்லாது." அதில் கோடு அழகாக ஏறி அழகாக இறங்கும். எதற்கு எதிராக எது ஏறுகிறது என்று மட்டும் எங்கும் எழுதியிருக்காது. லூர்துமேரி அதை முதல் நாளே கவனித்தாள். ஆனால் கேட்டால் பதினொன்றரை வரை விளக்குவார். எனவே ஒவ்வொரு முறையும் "சரி சார், வெச்சுக்கோங்க" என்றாள். இப்படியே எட்டு மாடல்கள் வந்துவிட்டன.

எண்பத்தாறு ஜூலையில் ஒரு ஞாயிறு. ஆட்டம் முடிந்து கேட்டருகே தங்கம் நின்றாள். "மேரிக்கா, அடுத்த வாரத்திலேருந்து நான் வரல."

"ஏன்டி?"

"நான் வில்லைத் தூக்குறதுக்குள்ள அவரு எல்லாத்தையும் கொன்னு போட்டுருதாரு. மூணு வாரமா பகடையத் தொடவே இல்ல. பிஸ்கட் திங்கவா ரெண்டு பஸ் மாறி வாரேன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் சிரிக்கவில்லை. வாரம் ஆறு நாள் அடுத்தவர் பேசுவதற்கு லைன் போட்டுக் கொடுக்கிறவள் அவள். மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கையைப் பார்க்கும் இடம் இந்த மேசை ஒன்றுதான். அதையும் தன் சோம்பல் பறித்துவிட்டது என்று லூர்துமேரிக்குச் சுருக்கென்றது. "ஒரே ஒரு வாரம் வா," என்றாள்.

அடுத்த ஞாயிறு குகையின் திருப்பத்தில் ஆறு கொள்ளைக்காரர்கள் நின்றார்கள். "ஆறு பேர் கையிலயும் கிராஸ்போ," என்றாள் லூர்துமேரி.

"எந்த கிராஸ்போ?"

"உங்களோடதுதான் ரகு சார். மாடல் எட்டு."

ரகுநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது எப்படி அவா கைக்குப் போகும்?"

"நல்ல டிசைன் சார். காப்பி அடிச்சிட்டாங்க."

பகடை ஆறு முறை உருண்டது. நான்கு அம்புகள் வஜ்ரதரன் மேல் பாய்ந்தன. அவர் திருப்பி எய்து ஒருவனை வீழ்த்துவதற்குள், மற்ற ஐவருக்கும் நாண் ஏறிவிட்டிருந்தது.

"இருங்கோ, இருங்கோ. குகைக்கு மேல ஓட்டை கீட்டை இருந்து, மழை பெய்யலாமில்லையா?"

"பெய்யாது சார்."

இரண்டாவது சுற்றில் வஜ்ரதரன் செத்தான். ரகுநாதன் எழுந்து நின்றுவிட்டார். "நக்கோ, வேண்டாம் டீச்சர்! இது அநியாயம். இந்த ஆயுதமே டூ மச். யாரும் முன்னாடி நிக்கவே முடியாது!"

"அதைத்தான சார் நாங்களும் மாசக்கணக்கா சொல்றோம்," என்றார் ஆரோக்கியசாமி.

ரகுநாதன் உட்கார்ந்தார். காது மடல் சிவந்திருந்தது. ஆட்டம் தொடர்ந்தது. ஆரோக்கியசாமியின் கேடயத்துக்குப் பின்னால் பதுங்கி, புத்தகத்திலுள்ள சாதாரண வில்லை வைத்துக்கொண்டு, தங்கம் ஒவ்வொருவனாகச் சாய்த்தாள். இரண்டு முறை அவளுக்கே அடி விழுந்தது. கடைசி ஒருவன் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "பதினெட்டோ அதுக்கு மேலயோ விழணும்," என்றாள் லூர்துமேரி. தங்கம் இரண்டு கைகளுக்குள்ளும் பகடையைக் குலுக்கி, விரல்களுக்குள் ஊதி, உருட்டினாள்.

பத்தொன்பது.

ஆரோக்கியசாமி மேசையில் ஓங்கித் தட்டினார். தங்கம் துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது. அவள் அதைத் தூக்கி நிறுத்தக்கூட மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ரகுநாதன் கை தட்டவில்லை. பகடையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் சமையலறைக்குப் போய், கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் உப்பு ஜாடியும் எடுத்து வந்தார். ஒரு பக்கம் கனத்த பகடை, உப்புத் தண்ணீரில் மிதக்கும்போது ஒரே முகத்தைத்தான் மேலே காட்டும் என்று எங்கோ படித்திருந்தார். நாலு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்கினார். பகடையை உள்ளே போட்டார். குனிந்து, மேசை விளிம்பில் மோவாயை வைத்து, அதை விரலால் அமுக்கி விட்டார். அது மேலே வந்து நிற்கும்வரை பார்த்துவிட்டு, மறுபடியும் அமுக்கினார்.