றஸ்மியின் அட்டையில் என் பெயர்

தேநீர் கையில் இருக்கும்போதே பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் மருமகனும் என்று வழமைபோல உறவுகளையெல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில்தான் பெயரைச் சொன்னார்கள். றஸ்மி. நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் அங்கேயே உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டான். இன்னாரின் கூட்டாளி என்று என் பெயரைச் சொல்ல அந்த வரிசையில் இடமில்லை. அழுகைக்கு முன் எனக்கு வந்தது அந்த எரிச்சல்தான்.

கல்முனையில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை ஒன்று இருக்கிறது; அங்கே வந்துபோனவர்களுக்கு எங்களைத் தெரியும். சுனாமியில் கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு, கூடாரத்து வெக்கை தாங்காமல் பின்னேரங்களில் அங்கே போய்க் குந்துவோம். திரையில் ஆளுக்கொரு வீரனாகி, கூட்டமாய்ப் படையெடுக்கும் விளையாட்டு அது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. வென்ற பதக்கங்களில் நாம் விரும்பியதை அதன் முகப்பில் வைக்கலாம்.

அவனிடம் ஏழு தலை நாகத்தைக் கொன்ற பதக்கம் இருந்தது. கோட்டை பிடித்த பதக்கமும் இருந்தது. என்னிடம் இருந்ததெல்லாம் விளையாட்டில் சேர்ந்த எவனுக்கும் சும்மா கிடைப்பவை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவனோ அவற்றையெல்லாம் ஒளித்துவிட்டு, 'விழுந்தவரைத் தூக்கியவர்' என்ற பதக்கத்தை முகப்பில் வைத்தான். சண்டையில் அடிபட்டு விழுந்த யாரைத் தூக்கி எழுப்பினான் என்பதும் அதன் கீழே தெரியும். என் பெயர்! கடையே சிரித்தது.

"அதக் கழட்டுடா. எண்ட மானம் போகுது."

"கழட்ட மாட்டன் மச்சான். நாகத்த ஆரும் அடிக்கலாம். ஒன்னத் தூக்க நான்தானே ஓடி வாறன்."

ஒருநாள் வேறொருவன் என்னைத் தூக்க வந்தபோது, "நீ போடா, இவன நான்தான் தூக்குவன்" என்று கத்தினான்.

எனக்கும் அந்தப் பதக்கம் வேண்டும், அதன் கீழே அவன் பெயர் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு தரமாவது விழமாட்டானா என்று பக்கத்திலேயே திரிந்தேன். பாவி, அவன் விழவே இல்லை.

போன வருடம் யுத்தம் முடிந்ததென்று வீதியில் வெடி கொளுத்திய பின்னேரம், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம். அவன் திடீரென்று சொன்னான்: "கடல் வந்த அண்டு தம்பிய என்னால தூக்க ஏலாமப் பெய்த்து மச்சான்." அதன்பிறகு நான் பதக்கத்தைக் கழற்றச் சொல்லவில்லை. பொறாமை மட்டும் போகவில்லை.

அடக்கத்துக்கு ஜனாஸாவைச் சுமப்பவர்கள் கொஞ்சத் தூரம் தோள் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு மாறிக்கொடுப்பதுதான் நம் வழக்கம். அவனுடைய மச்சினன் என் முதுகைத் தொட்டு, "காக்கா, மாறுங்க. நாங்களும் தூக்கணுமே" என்றான்.

"நீ போ தம்பி. இவன நான்தான் தூக்குவன்."

மையவாடிக் குழி வரை சந்தூக்குப் பெட்டியின் என் முனையை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எத்தனை பேர் கோபித்தார்களோ தெரியாது.

அவனுடைய அட்டை கடைக் கணினியில் அப்படியே இருக்கிறது. அதில் என் பெயரும் இருக்கிறது. என் அட்டையில் அவன் பெயர் இனி வராது. எனக்கென்று மிஞ்சியது, சந்தூக்கின் கட்டை அழுத்திய தோள்வலி. இன்று காலை தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. குறையாமல் இருந்திருக்கலாம்.