எக்காள ஓசையும் எக்கோசேஸும்

என் மகள் தமிழ்ச் சங்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். ஆக்லாந்தில் பிறந்தவள். அங்கே போனால் கன்னத்தைக் கிள்ளி, "தமிழ் வருமா?" என்று பரீட்சை வைப்பார்கள் என்பது அவள் புகார். புகார் நியாயமானதுதான். அப்படிப்பட்டவள் போன வருஷம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தானாகவே வருகிறேன் என்றாள், ஒரு நிபந்தனையோடு. மவுண்ட் வெல்லிங்டனில் தான் கற்றுக்கொள்ளும் ஸ்காட்டிஷ் நடனத்தை மேடையில் ஆட விட வேண்டும். சங்கத் தலைவரின் பின்னால் அலைந்து கொஞ்ச நேரம் வாங்கி வைத்தேன்.

நடனத்தின் பெயர் எக்கோசேஸ். பிரெஞ்சில் 'ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது' என்று பொருள். ஒரு காலத்தில் ஐரோப்பிய மாளிகைகளில் எல்லாம் ஆடினார்களாம். அது ஸ்காட்லாந்தில் பிறந்ததே இல்லை, பிரான்ஸ்காரர்கள் வைத்த பெயர்தான் என்றும் சொல்வார்கள். அவளுடைய நடன ஆசிரியரிடம் அதைச் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு முறை ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா போய்வந்த மனிதர், எடின்பரோ கோட்டையே தன் பாட்டன் சொத்து என்பதுபோலப் பேசுவார்.

விழா த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு வாடகை ஹாலில். ஐந்து மணிக்கு யோகா வகுப்புக்காரர்களுக்கு ஹாலை விட்டாக வேண்டும். மகளும் மூன்று தோழிகளும் கட்டம் போட்ட பாவாடையோடு ஓரமாகத் தயாராக நின்றார்கள். "ரெண்டே ரெண்டு வார்த்தை" பேசும்படி ஆசிரியரைத் தலைவர் அழைத்தார். அவர் பிரெஞ்சு அரசர்களுக்குக் காவல் நின்ற ஸ்காட்லாந்து வில்வீரர்களில் ஆரம்பித்தார். ஸ்காட்லாந்துக்காரன் இல்லையென்றால் பிரான்சுக்கு அரசனும் இல்லை, ஐரோப்பாவுக்கு ஆட்டம்பாட்டமும் இல்லை என்று முடித்தார்.

நம் தலைவர் பொறுப்பாரா? மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"மெய்க்காவல் படை வச்சவன் யாரு? சோழன்! இவங்க இடுப்புல கட்டுறது என்ன? நம்ம வேட்டி! எக்கோசேஸ்னா என்ன? எக்காள ஓசை! அதுதான் மருவி எக்கோசை ஆச்சு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஐடிக்காரர்கள், டாக்டர்கள், எல்லாம் படித்த கூட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொல்லும் புரியாத ஆசிரியர், தன்னைத்தான் புகழ்கிறார்கள் என்று எண்ணிக் கைகூப்பினார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். "ஒரு நிமிஷம்மா" என்ற தலைவர் அடுத்துச் சிந்துவெளிக்குப் போய்விட்டார்.

யோகாக்காரர்கள் சுருட்டிய பாய்களோடு வாசலில் வந்து நின்றார்கள். தலைவர் அவசரமாக மகளை மேடைக்கு அழைத்து, "உலகம் ஆடிய தமிழ் நடனத்தை மீட்டுத் தந்த செல்வி" என்று பொன்னாடை போர்த்தினார். அவள் அதைக் கழற்றி அவரிடமே நீட்டினாள்.

"அங்கிள், நாங்க இன்னும் ஆடவே இல்ல."

வீட்டில் நான் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள், அதைத் தமிழில் சொன்னாள்.

"பாத்தீங்களா, என்ன அழகாத் தமிழ் பேசுது பொண்ணு!" என்று மைக்கில் சொல்லிவிட்டு மறுபடியும் போர்த்தினார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அவர்களில் ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காரில் ஏறியதும் அவள், "லெட்ஸ் கோ, மம்" என்றாள். அதுவரை, எந்த மொழியில் பேசினாலும், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.