மஞ்சள் கேழ்வரகுப் பயிர்

எங்கள் அலுவலக வரவேற்பறையில் இந்த டிசம்பரிலும் கிறிஸ்துமஸ் குடில் வைத்தார்கள். மாட்டுக்கொட்டிலைச் சுற்றிப் பச்சை பிளாஸ்டிக் புல் விரிப்பு. "ஒரிஜினல் மாதிரியே இருக்கில்ல?" என்று தோழி கேட்டாள். இருந்தது. மண்வாசனைதான் இல்லை.

நான் வளர்ந்த காக்ஸ் டவுனில் எங்கள் வரிசை வீடுகளில் குடிலுக்குப் புல் வாங்குகிற வழக்கமே கிடையாது. திருவருகைக் காலம் பிறந்ததும் பழைய தகரத்தட்டில் மண் பரப்பி, கேழ்வரகைத் தூவி, ஈரச்சாக்கால் மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவோம். முளை எட்டிப் பார்த்ததும் வெளிச்சத்தில் வைத்தால், கிறிஸ்துமஸ் வருவதற்குள் குட்டி வயல் தயார்.

எனக்கோ பொறுமை கிடையாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். (இதைச் சொல்லும்போது இன்றும் என் தோள் கொஞ்சம் நிமிர்கிறது, கண்டுகொள்ளாதீர்கள்.) செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு அறிவியலை எடுத்துவிட்டு, சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். "கைய வெச்சுக்கிட்டு சும்மா இரு. வெதைக்கு வெக்கமா இருக்காதா?" என்பாள் அம்மா.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். காவிரித் தண்ணீருக்காக ஊரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, அந்தத் தட்டு சாக்குக்கடியில்தான் இருந்தது. அப்பா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்ட் போனவர் திரும்பவில்லை. அவர் வரவேண்டிய ஓசூர் ரோட்டில் தமிழ்நாட்டு லாரிகள் எரிவதாகச் செய்தி வந்தது. எங்கள் வரிசையில் யாரிடமும் போன் கிடையாது.

பக்கத்து வீட்டு சரோஜம்மா கன்னடக்காரர். அம்மாவோடு பேசுவதற்காகவே தமிழ் பழகியவர். பொழுது சாயும்போது வந்தார். "ஞானம்மா, லைட் போடாதே. ஸ்டாரைக் கழட்டு. யாரானா வந்தா நான் மாத்தாடறேன், நீ பாயே தெறக்கபேடா, வாயத் தெறக்காதே" என்றார். பயம் வந்தால் அவருக்கு இரண்டு மொழியும் கலந்துவிடும்.

வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தை அம்மா இறக்கினாள். வரிசை முழுவதும் இருட்டு. அது ஜெபமாலை சொல்கிற நேரம். எங்கள் ஜெபமோ தமிழ். தெருவில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கன்னடத்தில் வகுப்பிலேயே முதல் மாணவி நான். விடுவேனா?

"அம்மா, கன்னடத்துல சொல்லலாம். நான் சொல்றேன், நீ கூடச் சொல்லு."

"சாமிக்குக் கன்னடம் தெரியும்டி. எனக்குத் தெரியாதே" என்றாள் அம்மா.

அதனால் குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தோம். அவள் விரலில் மணிகள் நடுங்கி ஒன்றோடொன்று தட்டிக்கொள்வது மட்டும் கேட்டது. நம்பிக்கை இருந்தால் பயம் இருக்காது என்று ஞாயிறு மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவிடம் இரண்டுமே இருந்தன.

"அப்பா வருவாராம்மா?"

"எனக்கென்னடி தெரியும்? சாமி கையில குடுத்தாச்சு. குடுத்துட்டு, இன்னும் வெச்சிருக்கியா வெச்சிருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருந்தா அவருக்குந்தான் கோவம் வராதா?"

எனக்கு இந்தப் பதில் போதவில்லை. இன்றும் முழுதாகப் போதுகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அம்மா எழுந்துபோய், தடவித் தடவி அப்பாவுக்கும் சேர்த்து அரிசி களைந்தாள். அடுத்த நாளும் அப்படியே செய்தாள். அதையும் பார்த்தேன்.

ஊரடங்கு தளர்ந்த ஒரு மாலையில் கதவு மெல்லத் தட்டப்பட்டது. அம்மா திறக்கவில்லை, என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"ஞானம், நான்தான்" என்று கிசுகிசுத்தது அப்பாவின் குரல்.

கூட வேலை செய்த கன்னடக்காரர் ஒருவர், அப்பாவைத் தம் வீட்டிலேயே தங்கவைத்து, பிறகு பால் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அம்மா அழவில்லை. "சட்டையெல்லாம் பால் நாத்தம், கழட்டுங்க" என்றாள்.

அப்புறம்தான் தட்டு நினைவுக்கு வந்தது. சாக்கை நீக்கினால், பயிர் வெளிறிய மஞ்சளாக, நெட்டை நெட்டையாகச் சாய்ந்து கிடந்தது. நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், "பரவால்ல ஞானம், அறுவடைக்கே ரெடியாயிடுச்சு" என்று அப்பா சிரித்தார். அந்த வருஷக் குடிலில் ஆடுகள் மஞ்சள் வயலில்தான் மேய்ந்தன.

அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. அங்கே நிற்கிற அடுக்குமாடியில் யார் தட்டில் மண் பரப்பப்போகிறார்கள்? அதற்கெல்லாம் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் அந்தக் கலவரம்வரை அப்பா வேலை முடிந்து வரும்போது, தெருமுனை டீக்கடையிலிருந்தே "ஏ புள்ளே, அப்பா வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டுதான் வருவார். தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்கு மானம் போகும். அந்த டிசம்பருக்குப் பிறகும் நல்லபடியாக, நாள் தவறாமல் வீட்டுக்கு வந்தார். வாசல்வரை பேசாமல் வந்து, கதவைத் தட்டுவார்.