கிளட்ச் இல்லாத காரில் செல்வி

டிரைவிங் ஸ்கூல் நடத்துறவனுக்கு ரெண்டு வியாதி நிச்சயம்: ஒண்ணு தொண்டைக்கட்டு, இன்னொண்ணு எந்த வண்டியில உட்கார்ந்தாலும் இல்லாத பிரேக்கை மிதிக்கிற பழக்கம். பஸ்ஸுல போனாலும் மிதிப்போம், அடுத்தவன் ஆட்டோவுல போனாலும் மிதிப்போம். இந்தத் தொழில்ல கிடந்து அல்லாடுற என் சகோதரங்களே, உங்களுக்குத் தெரியாததா? தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில "கிளட்சை விடு, மெதுவா விடு, மெதுவான்னா மெதுவா!"ன்னு கத்தியே பாதி ஆயுசைத் தொலைச்ச நான், போன மழைக்கு அப்புறம் ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினேன். அதுலேர்ந்து என் கதையே வேற.

இடது காலுக்கு வேலை போச்சு

வண்டியைக் குடுக்க வந்த பையன் ரொம்ப மரியாதையா எல்லாம் சொல்லிக்குடுத்தான். பிரேக்கை மிதிச்சு பட்டனை அமுக்கணும், இந்தத் திருகுல 'டி'க்குத் திருப்பணும், அவ்ளோதான். ஏ.சி.யைக் குறைக்கணும்னா டி.வி. மாதிரி இருக்கிற திரையில விரலை வச்சுத் தேய்க்கணும். "தம்பி, நான் இருபது வருஷமா மாஸ்டர், நீ கம்முனு உட்காரு"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன்.

ரோட்டுக்கு வந்து கொஞ்சம் வேகம் பிடிச்சதும் கையும் காலும் தானா பழைய வேலைக்குப் போயிருச்சு. கை கியரைத் தேடுது, இடது கால் கிளட்சுன்னு நினைச்சு அகலமா இருந்த பெடலை ஓங்கி மிதிக்குது. வண்டி நட்டுக்கிட்டு நின்னுச்சு. பெல்ட் மட்டும் போடலைன்னா ரெண்டு பேரும் கண்ணாடியிலதான். அந்தப் பையன் நெஞ்சைத் தடவிக்கிட்டு நிதானமாச் சொன்னான்: "சார், அது பிரேக்கு. கிளட்சை நாங்க விக்கலை."

இன்னொரு தபா

பக்கத்துல ஸ்கெலட்டன்னு ஒரு சுரங்கக் காலனி, அங்கேர்ந்து செல்வி வந்தா. நாலு வருஷம் முன்னாடி என்கிட்ட பழைய பெட்ரோல் கார்ல கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கினவ. வாங்கினதோட சரி, ஓட்ட வண்டி ஏது? விடியறதுக்கு முன்னாடி ரயில் பிடிச்சு பெங்களூருல ஒரு துணிக் கம்பெனிக்குத் தைக்கப் போறா. கிளம்பும்போது ரெண்டு பொண்ணுங்களும் தூங்குதுங்க, திரும்பும்போதும் தூங்குதுங்க. நம்ம ஊர்ல ஒரு கான்வென்ட்ல எலக்ட்ரிக் வேன் வாங்கப் போறாங்களாம், ஓட்டுறதுக்குப் பொம்பளைதான் வேணுமாம், சனிக்கிழமை டெஸ்டாம். கம்பெனிக்கு ஒரு வாரம் லீவு சொல்லிட்டு வந்து நின்னா. "அண்ணே, இந்த வேலை மட்டும் கெடச்சா என் பசங்களுக்குக் காலையில நானே தலை பின்னுவேன். எப்படியாச்சும் கத்துக்குடுத்துடுண்ணே"ன்னா. எனக்கே அந்தக் கார் பிடிபட்டுப் பத்து நாள்கூட ஆகலை. அதை அவகிட்ட சொல்ல முடியுமா?

கிரவுண்டுக்கு இட்டுனு போனேன். பட்டனை அமுக்கினா, 'டி' போட்டா, அப்படியே உட்கார்ந்திருக்கா. "இன்னாண்ணே, ஸ்டார்ட்டே ஆகலியே?" ஆயிருச்சும்மா, இது சத்தம் போடாதுன்னேன். நம்பலை. பழைய கார்ல செத்த இன்ஜினை எழுப்புற மாதிரி ஆக்சிலேட்டரை ஒரே அமுக்கு! அய்யோ, அந்த இழுப்பு இருக்கே! முதுகு சீட்டுல ஒட்டிக்கிச்சு, வயிறு பின்னாடியே நின்னுருச்சு, கோல் போஸ்ட் நம்மளைப் பார்த்து ஓடி வருது. "காலை எடு! எடு!"ன்னு நான் அலறினேன். எடுத்தா. வண்டி தானா அடங்கி, கோல் போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுச்சு. ஆள் பயந்து இறங்கி ஓடப் போறான்னு திரும்பிப் பார்க்கிறேன், முகமெல்லாம் பல்லு. "அண்ணே, இன்னொரு தபா!"

மணி அடிக்காம எவன்டா எடுத்தான்?

மறுநாள் செல்வியோட மாமனார் ராயப்பன் பின்சீட்டுல ஏறிக்கிட்டார். நந்திதுர்க் சுரங்கத்துல கேஜுக்கு மணி அடிக்கிற வேலை பார்த்தவர். ஆளுங்களை ஷாஃப்டுக்குள்ள இறக்குற அந்தக் கூண்டு, மணிச் சத்தம் கேட்காம ஒரு அங்குலம் அசையாது. மூணு அடிச்சா ஆளு ஏறுது, ரெண்டு அடிச்சா இறக்கு, ஓடும்போது ஒண்ணு அடிச்சா இருந்த இடத்துல நில்லு. வாழ்நாள் பூரா அப்படியே இருந்தவர் இந்தக் கார்ல உட்கார்ந்தார். சத்தமே இல்லாம வண்டி நகர்ந்ததும் "மணி அடிக்காம எவன்டா எடுத்தான்?"னு ஒரு சத்தம் போட்டார் பாருங்க, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

சரி, உங்க திருப்திக்கு அடிங்க மாமான்னேன். அதுலேர்ந்து கதவுல மூணு தட்டு தட்டினாத்தான் செல்வி வண்டியை எடுப்பா. இறக்கம் வந்தா ரெண்டு தட்டு. அவளும் சுரங்கக்காரன் பொண்ணுதானே, ரொம்ப ஒழுங்காத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. பஜார் நடுவுல, காய்கறி வண்டிங்களுக்கு மத்தியில, மாமாவுக்குப் பக்கத்துக் கதவுல ஒரு கொசு உட்கார்ந்துச்சு. பளார்னு ஒரே அடி. செல்வி அந்த இடத்துலயே வண்டியை நிறுத்திட்டா. பின்னாடி வந்த ஆட்டோ கிரீச்சுன்னு நின்னு, டிரைவர் தலையை நீட்டி "ஏனாயித்தம்மா?"ன்னு கன்னடத்துல கத்துறான். ஏன் நின்னேன்னு நானும் எரிஞ்சு விழுந்தேன். அவ ஸ்டியரிங்கை விடாமச் சொன்னா: "ஒண்ணு அடிச்சா நிக்கணும்ல? மீறிப் போனா அவரு எங்க வீட்ல சோறு திங்கமாட்டாரு."

தலையாட்டும் பயணம்

இந்தக் கார்ல ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலே பாதி பிரேக் போட்ட மாதிரி. நம்ம செல்வி பழைய பழக்கத்துல மிதிப்பா, பட்டுன்னு எடுப்பா, மறுபடி மிதிப்பா. உள்ள இருக்கிறவங்க கதி? மார்க்கெட்டுக்குப் போகணும்னு என் சம்சாரம் எஸ்தர் பின்னாடி ஏறியிருந்தா. கண்ணாடியில பார்த்தா, எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்ற மாதிரி அவ தலை முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்கு. செல்வியோட இடது கால் வேற அடிக்கொரு தரம் பிரேக்குக்குப் பாயுது.

எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. "சனிக்கிழமை இப்படி ஓட்டினா வேனுக்குள்ள அத்தனை பசங்களும் வாந்தி எடுக்கும், நீ மறுபடி ரயிலுக்குத்தான் ஓடணும்"னு கத்திட்டேன். அவ கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இடது கால் செருப்பைக் கழட்டி பின்னாடி போடுன்னேன். "வெறுங்கால்ல பெடல் பட்டா சில்லுன்னு இருக்கும், அப்போ இது கிளட்ச் இல்லைன்னு ஞாபகம் வரும். வலது காலைப் பட்டுன்னு எடுக்காதே, பால் பொங்கும்போது அடுப்பைக் குறைக்கிற மாதிரி குறை." அன்னிக்குச் சாயந்தரம் வரைக்கும் குறைச்சுக்கிட்டே இருந்தோம். எஸ்தரோட தலை மெல்ல மெல்ல நின்னுச்சு. இந்த ஓட்டம் சரியாம்மான்னு அவளைக் கேட்டேன். "இவ்ளோ நேரம் நான் எதுக்கும் சரின்னு சொல்லலை. உங்க கார்தான் என் தலையை ஆட்டிச்சு."

இறங்கினா ஏறுது

வெள்ளிக்கிழமை மாமாவையும் இட்டுனு ஒரு பெரிய ஏத்தம் ஏறி இறங்கினோம். ஏத்தத்துல நிறுத்தி எடுக்கச் சொன்னேன். பழைய கார்ல இந்த இடத்துல எத்தனை பேர் பின்னாடி உருண்டு என் உயிரை வாங்கியிருக்காங்க! இது நின்ன இடத்துல நின்னுச்சு, தொட்டதும் பூனை மாதிரி ஏறிச்சு. நான் சின்னப் பையன் மாதிரி கை தட்டினேன், வெட்கமே இல்லை.

இறங்கும்போது மாமா திரையையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தார். பேட்டரி குறையாம ஒரு புள்ளி கூடியிருந்துச்சு. இறக்கத்துல சக்கரம் சுத்துறதே கரண்டா உள்ள போகுதுன்னு விளக்கினேன். கேட்டுட்டு அடக்க முடியாம சிரிச்சார். "இத்தனை வருஷம் சுரங்கத்துல இறங்கினோமே, எங்களுக்கு எவனும் கூலியை ஏத்திக் குடுக்கலியேடா!"

சிஸ்டர் கையில் டீ

சனிக்கிழமை. கான்வென்ட் வேன் ஞாயித்துக்கிழமைதான் வருதாம், அதனால என் கார்லயே டெஸ்ட். பெரிய சிஸ்டர் வெள்ளை உடுப்போட பின்சீட்டுல ஏறினாங்க. கையில விளிம்பு வரைக்கும் டீ ஊத்தின டம்ளர். "எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது, மாஸ்டர். நந்திதுர்க் சுரங்கம் வரைக்கும் போய்த் திரும்பணும். டீ சிந்தக் கூடாது. சிந்தினா வேற ஆள் பார்த்துக்குறேன்"னாங்க. இதென்னடா டெஸ்டுன்னு நான் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கிட்டேன். செல்வி சாமி கும்பிட்டுட்டு எடுத்தா.

என்னா ஓட்டு! பஜார் போச்சு, வேகத்தடை போச்சு, ஏத்தம் போச்சு. டம்ளர்ல டீ அசையவே இல்லை. திரும்பி வர்றோம், கான்வென்ட் கேட்டே தெரியுது, என் மனசுக்குள்ள மேளம் அடிக்குது. அப்போ சுரங்கக்காரங்க லைன் வீட்டுலேர்ந்து ஒரு கோழி குறுக்கே ஓடிச்சு. கோழிக்குப் பின்னாடி, அதைப் பிடிக்க ஒரு சின்னப் பொண்ணு. செல்வி பிரேக்கை முழுசா இறக்கிட்டா. வண்டி நின்னுச்சு. அந்தப் பொண்ணு பானெட்டுக்கு முன்னாடி, கோழியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எங்களைப் பார்த்து முழிக்குது.

டீ மொத்தமும் சிஸ்டரோட வெள்ளை உடுப்புல. ஒரு சொட்டுகூட டம்ளர்ல மீதி இல்லை. செல்வி திரும்பிப் பார்த்தா, அப்படியே ஸ்டியரிங் மேல தலையைக் கவுத்துக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. "போச்சுண்ணே, எல்லாம் போச்சு, இனி என் பசங்களுக்கு எங்கே தலை பின்னுறது?"ங்கிறா. சிஸ்டர் கண்ணாடி வழியா அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள ஓடுறதையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் காலி டம்ளரை என் கையில குடுத்தாங்க. "துணியைத் துவைச்சுக்கலாம். திங்கட்கிழமை உன் பசங்களுக்குத் தலை பின்னிட்டே வாம்மா, நம்ம வேன் கிளம்புறது ஏழரைக்குத்தான்."

ஆக சகோதரங்களே, நம்ம தொழில்ல கடைசியில பங்கு பிரியறது இப்படித்தான்: வேலை மாணவிக்கு, டீக்கறை மாஸ்டரோட புது சீட்டுக்கு.